காண்பவர் யார்? போடி ஏலக்காய்க் கடைகளில் எழும் ஒரு சித்தாந்தக் கேள்வி

விவேகம் என்னும் வடசொல்லுக்கு வேறுபிரித்தல் என்பதே வேர்ப்பொருள். நிலையானதையும் நிலையற்றதையும் பிரித்துணர்வதை வேதாந்திகள் அச்சொல்லால் குறித்தனர். சைவ சித்தாந்திகளோ பதி, பசு, பாசம், அதாவது இறை, உயிர், தளை என்னும் முப்பொருளின் இயல்பைத் தனித்தனியே பகுத்தறிவதை ஞானத்தின் வாயிலாகக் கொண்டனர். பிரித்தறிவது உயிரின் செயல், உயிரற்ற பொருளால் அது ஆகாது என்றே பொதுவாக எண்ணத் தோன்றும். அந்த எண்ணத்தை இன்று சோதித்துப் பார்க்க ஆய்வுக்கூடங்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. தேனி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள போடிநாயக்கனூரின் ஏலக்காய்க் கிடங்குகளில், பெண்கள் பல தலைமுறையாகக் கண்ணாலும் விரலாலும் செய்துவந்த தரம் பிரிக்கும் வேலையை, ஒளிப்படக் கருவியும் கணிப்பானும் பொருத்திய எந்திரம் செய்யத் தொடங்கிவிட்டது. அந்த எந்திரம் காண்கிறதா, காண்கிறது என்றால் அதற்குள் இருந்து காண்பவர் யார் என்ற கேள்வி, கிடங்கின் தரையிலேயே எழுந்து நிற்கிறது.

போடியின் வாழ்வு ஏலக்காயோடு பிணைந்தது. ஊருக்கு மேற்கே 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதைத் தாண்டினால் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலமலை. தோட்டங்களில் பெரும்பாலானவை அங்கே பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பஞ்சோலை, வண்டன்மேடு என்று விரிந்து கிடக்கின்றன. ஆனால் அவற்றில் வேலை செய்வோரில் பலர் விடியுமுன் ஜீப்புகளில் போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் மலையேறுகிறவர்கள், வணிகத்தின் ஒரு பெரும் பங்கு நடப்பதும் அடிவாரத்தில்தான். பறித்த பச்சைக்காய் ‘ஸ்டோர்’ எனப்படும் உலர்கூடத்தில் மிதமான வெப்பத்தில் பச்சை நிறம் கெடாதபடி உலர்த்தப்படுகிறது. ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோ உலர்காயாகச் சுருங்குகிறது. பிறகு காம்பும் பூவின் மிச்சமும் உரசி நீக்கப்பட்டு, சல்லடையில் பருமன் வாரியாகப் பிரிக்கப்படுகிறது. எட்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட, கிளிப்பச்சை நிறம் மாறாத காய்க்கு ஒரு விலை, வெளிறியதற்கும் வெடித்ததற்கும் வேறு விலை. ஒரே செடியில் ஒரே நாளில் பறித்த காய்களுக்குள் இவ்வளவு விலை வேறுபாடு இருப்பதால்தான் தரம் பிரிப்பவரின் கண் இவ்வணிகத்தில் இத்தனை மதிப்புடையதாக இருந்துவந்தது.

அந்த வேலையை அருகில் இருந்து பார்த்தவர்களுக்கு அதன் நுட்பம் தெரியும். மடியில் சாய்த்து வைத்த சுளகில் இரண்டு கை அளவு காயைப் பரப்பி, ஒரு முறை புடைத்துச் சருகையும் தூசியையும் விளிம்புக்குத் தள்ளி, விரல் நுனிகளால் காயை உருட்டிக்கொண்டே போகும்போது, இலைப்பேன் சுரண்டியதால் தோலில் சொறி படிந்த காயும், வாய் பிளந்து விதை தெரியும் காயும், முற்றாமல் உள்ளீடின்றிக் கனம் குறைந்த காயும் ஒவ்வொன்றாகத் தனித்தனிக் குவியலுக்குப் போய்விடுகின்றன. கண் ஒரு காயில் நிற்பதில்லை, பேச்சும் நிற்பதில்லை. கனம் குறைந்த காயைக் கண் தவறவிட்டாலும் விரல் பிடித்துவிடுகிறது. இதைக் கற்பிக்கப் பள்ளியோ நூலோ இருந்ததில்லை. தாயின் பக்கத்தில் உட்கார்ந்து மகளும், மாமியாரின் பக்கத்தில் உட்கார்ந்து மருமகளும் கற்றுக்கொண்ட கல்வி இது.

‘கலர் சார்ட்டர்’ என்று கடைக்காரர்கள் சொல்லும் எந்திரம் இதே வேலையை வேறு வழியில் செய்கிறது. மேலுள்ள தொட்டியிலிருந்து அதிரும் தட்டு வழியாக இறங்கும் காய்கள், சரிவான தகட்டின் பள்ளங்களில் வரிசையாக வழுக்கி விழுகின்றன. விழும் வழியில் இருபுறமும் பொருத்திய ஒளியுணரிகள், அதாவது ஒளியை மின் குறிப்பாக மாற்றும் நுண்கருவிகள், ஒவ்வொரு காயையும் படம் பிடிக்கின்றன. கணிப்பான் அந்தப் படத்தின் நிறத்தை முன்பே கொடுத்து வைத்த அளவுகோலோடு ஒப்பிடுகிறது. ஒவ்வாத காய் குறித்த இடத்தைக் கடக்கும் அதே நொடித்துணுக்கில் ஒரு குழாய் மூடி திறந்து காற்றைப் பீய்ச்சி அதை மட்டும் வேறு பெட்டிக்குத் தள்ளுகிறது. புதிய வகை எந்திரங்களில் அளவுகோலை மனிதர் எண்ணாகக் கொடுப்பது கூட இல்லை. நல்ல காய், கெட்ட காய் என்று பெயரிட்ட படங்களைக் காட்டினால், வேறுபாட்டை எந்திரமே கற்றுக்கொள்கிறது. செயற்கை நுண்ணறிவு என்று இன்று பேசப்படுவதன் மிக எளிய வடிவங்களுள் ஒன்று இது.

இங்கே சைவ சித்தாந்தத்தை அழைப்பதற்குக் காரணம் உண்டு. அறிவு எப்படி நிகழ்கிறது என்பதைத் தமிழிலேயே, தமிழ்ச் சொற்களிலேயே மிக நுட்பமாக ஆராய்ந்த மரபு அது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டு நூற்பாக்களில் சிவஞானபோதத்தை இயற்றினார். அவருடைய மாணவர் அருள்நந்தி சிவாசாரியார் அதன் விரிவாகச் சிவஞான சித்தியாரை இயற்றியபோது, இறைவனைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே அளவை இயலை, அதாவது அறிவதற்குரிய வழிகள் எவை என்ற ஆராய்ச்சியை, வைத்தார். பிற சமயத்தார் ஆறென்றும் பத்தென்றும் எண்ணும் வழிகள் எல்லாம் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றில் அடங்கும் என்பது அவர் முடிபு. நேரே காண்பது காட்சி. புகையைக் கண்டு நெருப்பை உணர்வது போல ஒன்றைக் கொண்டு மற்றொன்றை உய்த்துணர்வது கருதல். நம்பத்தக்க வாக்கால் அறிவது உரை. இவற்றுள் காட்சி குற்றமற்றதாக இருக்க வேண்டுமானால் இதுவோ அதுவோ என்னும் ஐயமும், ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளும் திரிபும் அதில் இருத்தல் ஆகாது.

இந்த இரண்டு குற்றங்களையும் எந்திரத்தின் முன் நிறுத்திப் பார்ப்பது பயனுடையது. திரிபு அதற்கு உண்டு என்பதில் தடையில்லை. காய்க்குச் செயற்கைப் பச்சைச் சாயம் ஏற்றி விற்கும் ஏமாற்று இவ்வணிகத்தில் உள்ளதுதான். நறுமணப் பொருள் வாரியம் அதை எதிர்த்து எச்சரித்தும் வந்திருக்கிறது. நிறத்தை மட்டும் அளக்கும் கருவிக்குச் சாயமேறிய காய் நல்ல காயாகவே தோன்றும். கயிற்றைப் பாம்பெனக் கொள்ளும் பழைய எடுத்துக்காட்டின் ஏலமலை வடிவம் இது. ஆனால் ஐயம் எந்திரத்துக்கு உண்டா? அளவுகோலுக்கு மிக அருகில் வந்து நிற்கும் காயை அது தள்ளும், அல்லது தள்ளாது. அளவுகோலைச் சற்று இறுக்கலாமா, தளர்த்தலாமா என்று தயங்குவது எந்திரத்தின் பக்கத்தில் நிற்கும் ஆள்தான். நல்ல காயும் சேர்ந்து கழிந்தால் முதலாளிக்கு இழப்பு, கெட்ட காய் தப்பினால் வாங்குபவரிடம் பெயர் கெடும் என்ற இரண்டு அச்சங்களுக்கு நடுவே அந்தத் தயக்கம் பிறக்கிறது. ஐயத்தைக் காட்சியின் குற்றம் என்று நூல் சொன்னாலும், ஐயப்படக்கூடியவரே அறிபவர் என்ற உண்மையும் அதற்குள் அடங்கியிருக்கிறது.

சிவஞானபோதத்தின் மூன்றாம் நூற்பா, உடம்புக்கும் புலன்களுக்கும் வேறாக உயிர் ஒன்று உண்டு என்பதை நிறுவுகிறது. ஐம்புலன்களே உயிர் என்று வாதிடுவோருக்கு அது தரும் விடைகளில் ஒன்று, ஒவ்வொரு புலனும் தன் பொருளை மட்டுமே அறியும், ஆனால் ஐந்தையும் ஒருங்கே தனதாக அறியும் ஒன்று இருக்கிறது என்பதாகும். ஏலக்காயைப் பொறுத்தவரை இந்த வாதத்தை யாரும் கையிலேயே வைத்துப் பார்க்கலாம். தேர்ந்த வணிகர் ஒரு காயை எடுத்தால் முதலில் நிறம் பார்க்கிறார், பிறகு நகத்தால் தோலைக் கீறி விதையின் கருமையைப் பார்க்கிறார், மோந்து பார்க்கிறார், ஒரு விதையைப் பல்லில் வைத்துக் கடிக்கிறார். கண் மணத்தை அறியாது. மூக்கு நிறத்தை அறியாது. பச்சையான இது நன்றாக மணக்கிறது என்ற ஒற்றை அறிவு, கண்ணிலும் இல்லை, மூக்கிலும் இல்லை.

எனினும் நேர்மையான விசாரணை இங்கே நின்றுவிட முடியாது. மணத்தின் வேதிப்பொருள்களை அளக்கும் மின்னணு மூக்கு என்னும் கருவியும் உலகில் உண்டு. அதையும் ஒளியுணரியையும் ஒரே கணிப்பானில் இணைத்துவிட்டால், நிறத்தையும் மணத்தையும் சேர்த்தறியும் ஒன்று எந்திரத்துக்குள்ளும் வந்துவிட்டதல்லவா என்று கேட்கலாம். இக்கேள்வியைச் சித்தாந்தம் எந்திரம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வேறு வடிவில் எதிர்கொண்டிருக்கிறது என்பதுதான் வியப்பு. நான்காம் நூற்பா, சித்தம், மனம், அகங்காரம், புத்தி என்னும் நான்கு அந்தக்கரணங்களும், அதாவது உட்கருவிகளும், உயிர் அல்ல என்கிறது. புலன் தந்ததைச் சித்தம் சிந்திக்கிறது, மனம் இதுவோ என ஐயுறுகிறது, அகங்காரம் அறிய முனைகிறது, புத்தி இதுவே எனத் தெளிகிறது. ஆனால் இவை நான்கும் மாயையிலிருந்து தோன்றிய சடப்பொருள்கள், அமைச்சர் சூழ இருக்கும் அரசன் போல உயிர் இவற்றோடு கூடியே தொழிற்படுகிறது என்பது அந்நூலின் கருத்து. ஒப்பிடுதலும் தீர்மானித்தலும் கூடச் சடப்பொருளின் தொழிலாக இருக்க முடியும் என்று ஒப்புக்கொண்ட மரபுக்கு, ஒப்பிட்டுத் தீர்மானிக்கும் எந்திரம் அதிர்ச்சி தருவதில்லை. அது புறத்தே செய்யப்பட்ட இன்னொரு புத்தி, இன்னொரு கரணம், அவ்வளவே.

மேலை நாட்டில் இவ்விவாதம் பெரும்பாலும் வேறு திசையில் சென்றது. எந்திரம் சிந்திக்குமா என்ற கேள்வியை 1950இல் ஆலன் டூரிங் எழுப்பி, மனிதரோடு உரையாடி மனிதரைப் போலவே விடை சொல்லும் எந்திரத்தைச் சிந்திப்பதாகக் கொள்ளலாம் என்ற நோக்கில் ஒரு சோதனையை முன்வைத்தார். அதன் பிறகு, எந்திரத்தால் எது முடியும், எது முடியாது என்ற எல்லைக்கோடு ஒவ்வொரு பத்தாண்டிலும் பின்வாங்கிக்கொண்டே வந்திருக்கிறது. மனிதப் பெருமையைத் திறமையில் வைத்தவர்களுக்கு இந்தப் பின்வாங்கல் துயரம் தருகிறது. சித்தாந்தம் உயிரின் இலக்கணத்தைத் திறமையில் வைக்கவில்லை. அளவை என்பது உண்மையில் உயிரின் அறிவாற்றலாகிய சிற்சத்தியே, கண் முதலான கருவிகளை அளவை என்று சொல்வது உபசார வழக்கு, அதாவது ஒன்றன் பெயரை மற்றொன்றின் மேல் ஏற்றிச் சொல்லும் வழக்கு என்று அது கொள்கிறது. கருவிகள் தந்தவற்றை இன்பமாகவும் துன்பமாகவும் நுகர்வது எதுவோ, செய்த வினையின் பயன் எதைச் சென்று சேர்கிறதோ, அதுவே உயிர். எந்திரத்தின் ஒளியுணரி நாள் முழுதும் பார்த்தாலும் அதற்குக் கண் எரிவதில்லை. தரையில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து எழுந்த பெண்ணுக்கு இடுப்பு வலிக்கிறது.

இவ்விடத்தில்தான் கேள்வி திசை மாறுகிறது, மாறவும் வேண்டும். எந்திரம் கரணம் என்றால், அது யாருடைய கரணம்? வினை என்பது மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றாலும் செய்யப்படுவது. கருவி எவ்வளவு நீண்டாலும் வினை அதைச் செலுத்துபவரைச் சேரும், கருவியைச் சேராது. அம்பு எய்தவன் பழியை அம்பின் மீது போட முடியாதது போல, எந்திரத்தை வாங்கி நிறுத்தியவர் அதனால் விளையும் நன்மைக்கும் தீமைக்கும் கர்த்தா ஆகிறார். ‘எந்திரம் வந்தது, வேலை போயிற்று’ என்று இன்று எங்கும் சொல்லப்படும் வாக்கியத்தில் எழுவாய் மறைந்திருக்கிறது. எந்திரம் தானாக வரவில்லை. ஒருவர் கணக்குப் பார்த்து, கடன் வாங்கி, வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார். அந்தக் கணக்கில் சுளகோடு உட்கார்ந்திருந்தவர்கள் கூலிச் செலவு என்ற ஒற்றை எண்ணாக மட்டுமே இருந்தார்களா என்பதே சமயம் கேட்க வேண்டிய கேள்வி. எந்திரத்துக்கு உயிர் உண்டா என்ற வியப்பில் மூழ்கி, உயிருள்ளவரின் நிலையை மறந்துபோகும் தத்துவம் தன் கடமையில் தவறிய தத்துவம்.

இதனால் எந்திரம் வேண்டாம் என்பது முடிபாகாது. மாயையை முழுதும் பகையாகக் கருதாத சமயம் சைவ சித்தாந்தம். ஆணவ இருளில் கிடக்கும் உயிருக்கு, பொழுது விடியும் வரை உதவும் விளக்குப் போல, மாயையின் காரியங்களான உடலும் கருவிகளும் உலகும் தரப்பட்டன என்பது அதன் கொள்கை. கையால் தரம் பிரிப்பதைக் காவியமாக்கிப் பாடுவதும் பொருந்தாது. தூசியும், மங்கும் பார்வையும், பருவம் முடிந்தால் நின்றுபோகும் கூலியும் அந்த வேலையின் பகுதிகள். எந்திரம் அவ்வருத்தத்தைக் குறைக்க வந்ததா, வருந்துபவரையே நீக்க வந்ததா என்று பிரித்தறிவதே இங்கு வேண்டப்படும் விவேகம்.

இதே வேறுபாட்டைக் காந்தியடிகள் 1924இல் ஓர் இளைஞரிடம் விளக்கினார். சாந்திநிகேதனத்தில் படித்துவந்த ஜி. ராமச்சந்திரன் என்னும் அந்த மாணவர், எந்திரங்கள் அனைத்தையும் எதிர்க்கிறீர்களா என்று கேட்டபோது, தம் எதிர்ப்பு எந்திர மோகத்தின் மீதுதான் என்றும், சிங்கர் தையல் எந்திரம் விதிவிலக்கு என்றும், மனைவி கையால் தைத்துத் தைத்துச் சலிப்பதைக் கண்ட கணவனின் அன்பிலிருந்து அது பிறந்தது என்றும் காந்தி கூறினார். பேராசையின் இடத்தில் அன்பு வைக்கப்பட்டால் எந்திரம் தன் இடத்தை அடையும் என்பது அவர் கருத்து. அந்த மாணவரே பின்னாளில் டாக்டர் சௌந்தரம் அம்மையாரோடு சேர்ந்து 1947இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவினார். போடியிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் அந்நிறுவனத்தின் வேரில், எந்திரத்தின் பிறப்புக்கு அன்பா ஆசையா காரணம் என்ற இந்த உரையாடல் கிடக்கிறது. அருளோடு கூடாத கருவி பாசத்தையே பெருக்கும் என்று சித்தாந்தி சொல்வதும் இதற்கு வெகு தொலைவில் இல்லை.

போடி மலைகளை நோக்கி வந்த மற்றொரு பெரும் தொழில்நுட்பம், காட்சியைக் கடந்து கருதல் அளவையைச் சார்ந்தது. தேவாரத்தை அடுத்த பொட்டிப்புரத்தில், போடி மேற்கு மலையைக் குடைந்து ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சுரங்கப்பாதை அமைத்து, 50,000 டன் காந்தமேற்றிய இரும்பு அடுக்குகளால் நியூட்ரினோ உணரி அமைக்கும் திட்டத்துக்கு 2015இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மதிப்பீடு ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய். நியூட்ரினோ என்பது எப்பொருளோடும் எளிதில் மோதாமல் உடலையும் மலையையும் ஊடுருவிச் செல்லும் நுண்துகள். அதை எவரும் காண முடியாது, அரிதாக அது இரும்பில் மோதும்போது எழும் வேறொரு துகளின் தடத்தைக் கொண்டு உய்த்துணரவே முடியும். கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் 1965இல் வளிமண்டல நியூட்ரினோவின் தடத்தைக் கண்டவர்களில் இந்திய அறிவியலாளர்களும் இருந்தனர் என்பது பெருமைக்குரிய வரலாறு. ஆயினும் பொட்டிப்புரத்தில் தடை எழுந்தது கருதல் அளவையில் அன்று, உரை அளவையில். தண்ணீரும் மலையும் காடும் என்னாகும் என்று கேட்ட மக்களுக்குத் தரப்பட்ட வாக்கை அவர்களால் நம்ப முடியவில்லை. 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018இல் மத்திய அரசு மீண்டும் அனுமதி அளித்தது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு இத்திட்டத்தை அனுமதிக்க இயலாது என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. சொல்வோன் பொருளை உள்ளபடி அறிந்தவனாக இருப்பது மட்டும் போதாது, கேட்போரின் நலம் நாடுபவனாகவும் இருக்க வேண்டும் என்பதே உரை அளவையின் அடிப்படை. அறிவியலாளரின் அறிவை ஐயுறாதவர்களும், முடிவெடுத்தவர்களின் நலம் நாடுதலை ஐயுற்றார்கள். அந்த ஐயத்தை அறியாமை என்று தள்ளியது பெரும் பிழை.

ஏலக்காய் ஏலத்திலும் இந்த நம்பிக்கையே முதலாக நிற்கிறது. குரல் எழுப்பி விலை கேட்ட பழைய ஏல முறை 2007 முதல் மின்னணு ஏலமாக மாறியபோது, யார் எவ்வளவு கேட்டார் என்பது மறைந்து திரையில் எண் மட்டும் ஓடத் தொடங்கியது. 2021 சனவரியில் போடி ஏலமும் கேரளத்தின் புற்றடி ஏலமும் இணையவழியே இணைக்கப்பட்டன. விவசாயிக்கு இதனால் நன்மை உண்டு. முகம் பார்த்து விலை குறைப்பது கடினமாயிற்று. இம்மாற்றத்தை நறுமணப் பொருள் வாரியம் பொறுப்பேற்று, விதி வகுத்து, படிப்படியாக நடத்தியது. தரம் பிரிக்கும் பெண்களின் வேலையில் நேர்ந்த மாற்றத்துக்கோ அத்தகைய பொறுப்பாளர் எவரும் முன்வரவில்லை.

போடியின் வணிகர்களும் அவர்களுடைய சங்கங்களும் செய்யக்கூடியது அரிதான ஒன்றன்று. எந்திரத்தை இயக்கவும் அதன் அளவுகோலைத் திருத்தவும் தகுதியானவர்கள், காயின் தரத்தை நாற்பது ஆண்டு விரலால் அறிந்தவர்களே. கழித்த பெட்டியை மறுபடி பார்த்து எந்திரத்தின் திரிபைத் திருத்தும் வேலையையும், பயிற்சிக்கான படங்களுக்கு நல்லது கெட்டது என்று பெயரிடும் வேலையையும் அவர்களுக்கு உரியதாக்கி, அதற்கேற்ற கூலியும் தரலாம். மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கை, கண் மங்கி இனி வேலை செய்ய இயலாதவர்களுக்கு ஒதுக்கலாம். எந்திரத்தின் விலையை எழுதும் அதே பேரேட்டில், அதன் வரவால் வேலை குறைந்தவர்களின் பெயர்களும் எழுதப்பட வேண்டும். அந்தப் பெயர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. அவை கூலிப் பதிவேட்டில் பல ஆண்டுகளாக இருக்கின்றன.